பதினொரு கிழமை

காரைநகர் ரோட்டிலை மினிபஸ் ஓட்டுறவனுக்கு
எஞ்சின் சூடு ஒரு நல்ல சாட்டு.
முதல் கிழமை அதைத்தான் எனக்கே சொன்னன்.
ரெண்டாம் கிழமை சவர்க்காரத்தைச் சொன்னன்.
மூண்டாம் கிழமை டெற்றோல் போட்டுக் கழுவிப்போட்டு
பல்லைக் கடிச்சுக்கொண்டு
குளியலறைக் கதவைப் பிடிச்சபடி நிண்டன்.

நோவில்லை. கடியும் பெரிசா இல்லை.
மொட்டிலை ஒரு சிவப்பு,
காயாத பெயின்ற் மாதிரி மினுங்கிக்கொண்டு,
ரெண்டு ரூபாக் குத்தியிலை பாதி.

பாமசிக் கிருபைராசா என்னோடை படிச்சவன்.
"தோலிலை ஒரு சிவப்பு" எண்டன்.
"எவ்விடம்?"
"துடை."
துடைக்குரிய ரியூப் தந்தான்.
துடைக்கு அது நல்ல மருந்தாய்த்தான் இருந்திருக்கும்.
பூசினால் வெளிறும், விட்டால் கூடும்.
மூண்டு ரியூப் முடிஞ்சுது.

ஹோலிலை ஃபான் காத்து நல்லம் எண்டு
பாயை வெளியிலை போட்டன்.
யோகமலர் ஒண்டும் கேக்கேல்லை.
கேக்காதது தொண்டையிலை மீன்முள்ளு.
கொழும்பு லொட்ஜிலை நான் தனிய இருந்த எட்டு மாசம்
அவளுக்கு ஞாபகம் வந்திருக்குமோ?
எனக்கு வந்தது. அங்கை ஒண்டும் நடக்கேல்லை.
எண்டாலும் வந்தது.

பொன்னாலைப் பாலம். ரெண்டு பக்கமும் தண்ணி.
டாஷ்போட்டிலை எண்ணெய் லைற் சிவந்தது.
ஓரங்கட்டினன். இருபத்தேழு சனம் வெயிலுக்கை நிக்குது,
நான் எண்ணெய்க் கம்பியைத் துடைச்சுத் துடைச்சுப் பாக்கிறன்.
"வாகனத்துக்கு எண்டா உடனை பாப்பியள் அண்ணை"
எண்டான் கொண்டக்டர் நிமலேந்திரன்,
என்ரை சொத்திப் பல்லை நினைச்சு.
எனக்கு முகம் சிவந்தது. அது வேறை சிவப்பு.

பெரியாஸ்பத்திரி, தோல் கிளினிக், நம்பர் நாப்பத்தொண்டு.
முன் வாங்கிலை மூளாய் வாத்தியார்,
ஒவ்வொரு நாளும் என்ரை பஸ்ஸிலை முன்சீற்.
ரெண்டு பேரும் சுவரிலை ஒட்டின டெங்கு நுளம்பை
ஊண்டி வாசிச்சம்.

டொக்டர் பொம்பிளை. என்ரை மகளின்ரை வயசிருக்கும்.
திரும்பிப் போவம் எண்டு நினைக்கேக்கை
கதவைச் சாத்தித் திரையை இழுத்திட்டா.
"எத்தனை கிழமை?"
"ரெண்டு."
அவ எழுதேல்லை. பேனையைப் பிடிச்சபடி இருந்தா.
"பதினொண்டு" எண்டன்.
எழுதினா.

நான் 'கீழை' எண்டன், 'அவ்விடம்' எண்டன்.
அவ ஆண்குறி எண்டா,
முழங்கை எண்டு சொல்லுற மாதிரி.
"கனக்க ஆம்பிளையளுக்கு வாறதுதான்.
பங்கசாய் இருக்கலாம், நீங்கள் போட்டுக் கழுவினதாலை இருக்கலாம்,
சீனி வருத்தமும் இப்பிடி எட்டிப் பாக்கும்.
ரெண்டு கிழமையிலை மாறாட்டி வந்திருக்கவேணும்.
புண்ணாகினா, தடிச்சா, இரத்தம் கசிஞ்சா,
முன்தோல் இறுகி மூத்திரம் போகக் கஷ்டப்பட்டா,
கிழமை எண்ணிக்கொண்டு இருக்கக்கூடாது.
அந்த ரியூப்பைக் குப்பையிலை போடுங்கோ."

விரல் நுனியிலை ஒரு சொட்டு: சீனி முந்நூற்றுப் பத்து.
பிறகு விறைக்கப் பண்ணி
கடுகளவு தோல் வெட்டிச் சின்னப் போத்திலிலை போட்டினம்.
"கனபேருக்குப் பயப்பிட ஒண்டும் இராது.
இருந்தாலும் இப்ப பிடிச்சா லேசு.
கண்ணாலை பாத்து மட்டும் சொல்லேலாது."

பின்னேரம், அவள் முருங்கையிலை உருவிக்கொண்டிருக்கேக்கை
எல்லாத்தையும் சொன்னன்.
"இதுக்கோ ரெண்டரை மாசம் ஃபானைச் சாட்டினனீங்கள்?"
பிறகு கனநேரம் ஒண்டும் கதைக்கேல்லை.
பிறகு எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டாள்,
தன்ரையிலையும் சீனி போடாமல்.
ஹோலிலை கிடந்த பாயைக் காணேல்லை.

றிப்போட் வர இன்னும் ஒன்பது நாள்.
பாலம் நாளுக்கு ஆறு தரம்.
இண்டைக்கு இறங்கேக்கை மூளாய் வாத்தியார்
மிச்சக் காசை எண்ணுற மாதிரிக் குனிஞ்சு
"புதனோ?" எண்டார்.
"வியாழன்" எண்டன்.